நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி?

நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியும் கார் பக்கம் போய்விடுகிறது, "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தால் என்ன?" என்று யாரோ ஒருவர் கேட்டும்விட்டார் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சென்னையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒன்று எடுத்தோம். வண்டி தேடிய பாட்டைவிட அதைச் சுற்றியிருந்த பேப்பர் வேலைதான் பெரிய பாடாக இருந்தது. புரோக்கர் ஒன்று சொல்வார், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேறொன்று சொல்வார், ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் டேபிள் போட்டிருப்பவர் இரண்டுமே தப்பு என்பார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் நாலு பேருடையதாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு ஓனர் ஒருவர்தான்: ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர். கீழே வருகிற படிகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியை அடைக்கிற வேலைதான்.

1. ஆள் முதலில், வண்டி அப்புறம்

மூன்று அல்லது நாலு பேர் போதும். மாதத்துக்கு நாலு வாரக்கடைசிதான் இருக்கிறது. ஐந்தாவது ஆள் வந்தால் யாரோ ஒருவருக்கு அந்த மாதம் வண்டி கிடையாது, அவர் கொடுத்த பணம் மட்டும் அப்படியே உள்ளே கிடக்கும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

சேருகிற ஒவ்வொருவரிடமும் செல்லுபடியாகும் கார் லைசென்ஸ் இருக்கிறதா, பங்குப் பணத்தைக் கடன் வாங்காமல் போட முடியுமா, அடுத்த மூன்று வருடத்தில் ஊர் மாறும் யோசனை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பர்சனல் லோன் போட்டுச் சேருகிறவர் முதல் பெரிய சர்வீஸ் பில்லிலேயே திணறுவார். வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பவர் சேரக்கூடாது என்றில்லை. அவர் விலகும்போது என்ன செய்வது என்பதை இப்போதே பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வீடு. கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாமல் பங்கு போடுகிறவரைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். எங்கள் குழுவில் இரண்டு பேருடைய மனைவிமார் வண்டியை நன்றாகவே ஓட்டுவார்கள். அதனால் "ஒரு பங்கு என்றால் ஒரு வீடு, அந்த வீட்டில் லைசென்ஸ் உள்ள இரண்டு பேர் ஓட்டலாம்" என்று முதலிலேயே வைத்துக்கொண்டோம். அதனால் செலவு கூடவில்லை, வீட்டில் முணுமுணுப்பு குறைந்தது. முதல் பேச்சுவார்த்தைக்கே எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வரட்டும். ஓட்டுவதில் ஆர்வமே இல்லாத ஒருவர்தான் அன்றைக்கு உருப்படியான கேள்விகளைக் கேட்பார்.

2. எந்த வண்டி என்பதில் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்

புது வண்டிக் கணக்கு ஏன் ஒத்துவராது என்றால், தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுள் வரிப்படி (பதிவின்போது ஒரே தரம் கட்டும் சாலை வரி) 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி. ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே 20 லட்சம். நான்கைந்து வருடம் ஓடிய வண்டியை இங்கேயே பதிவான நிலையில் வாங்கினால், அந்த வரியை முதல் ஓனர் ஏற்கெனவே கட்டியிருப்பார்.

போர்ஷே 718, பி.எம்.டபிள்யூ இசட்4 இரண்டும் ஓட்டுவதற்கு அருமையானவை. ஆனால் இரண்டே சீட். நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய வண்டியில் நாலு பேரும் ஒன்றாகப் போக முடியாது என்பது, டெலிவரி எடுத்த அன்றைக்குத்தான் பலருக்கும் உறைக்கும். ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 2016ல் இந்தியாவுக்கு வந்தது. 5 லிட்டர் வி8, சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். பின் சீட் இருக்கிறது, பெரியவர்கள் நிம்மதியாக உட்கார முடியாது. 2021ல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, பாகங்கள் எங்கே கிடைக்கும், எத்தனை நாளாகும் என்று விசாரிக்காமல் அதில் இறங்காதீர்கள். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் பி.எம்.டபிள்யூ எம்340ஐ இருக்கிறது. நாலு கதவு செடான், ஆறு சிலிண்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலரை நொடிக்குள் தொடுகிறது. 2021 முதல் சென்னைக்குப் பக்கத்து ஆலையிலேயே ஒன்றுசேர்க்கிறார்கள். "இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்கும் நண்பர் எல்லாக் குழுவிலும் உண்டு. அவரை ஒரு தரம் ஓட்டச் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் வண்டி நிற்கப்போகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு செங்குத்தாக இருந்தால் முன் பம்பரின் அடிப்பக்கம் தினமும் தேயும். டெஸ்ட் டிரைவ் வண்டியை அங்கே வரை கொண்டுவரச் சொல்லி ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

3. யார் பெயரில் எடுப்பது

நாலு நண்பர்கள் பெயரையும் சேர்த்து ஆர்.சி. வாங்கலாமே என்று தோன்றும். நடைமுறையில் ஒருவர் பெயரில்தான் வேலை நடக்கிறது. கம்பெனி அல்லது எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் எடுக்கலாம் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். வருடா வருடம் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று அது தனிச் செலவு. ஒரு காருக்காக அதில் இறங்குவது அதிகப்படி என்பது என் கருத்து.

ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கு அது பெருமை என்று நினைக்காதீர்கள், அது சுமை. விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கில் முதலில் இழுக்கப்படுபவர் அவர்தான். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால்கூட, பதிவில் பெயர் இருப்பவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லியிருக்கிறது. அபராதச் சலான் அவர் போனுக்கு வரும். குறிப்பிட்ட நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய சட்டக் கடமையும் அவருக்குத்தான்.

அதனால் இவரைத் தேர்ந்தெடுக்கும்போது, சென்னையிலேயே நிரந்தரமாக இருப்பவர், முகவரிச் சான்று சரியாக உள்ளவர், பேப்பர்களைப் பத்திரமாக வைத்திருப்பவர் என்று பாருங்கள். நாலு பேரில் பொறுமைசாலி யாரோ அவர். ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்ற மூவரும் அவர் குடும்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. யார் நாமினி என்பதை எல்லாருமாகப் பேசியே போடுங்கள்.

4. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்

"நமக்குள்ள எதுக்குடா பேப்பர்?" என்று ஒருவர் கேட்பார். அவருக்காகத்தான் பேப்பர். முத்திரைத்தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சியோடு நோட்டரியிடம் அட்டெஸ்ட் வாங்கினால் போதும். வக்கீல் கட்டணம் உட்பட சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கையெழுத்தாகிவிட வேண்டும். வண்டி வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளினால், அப்புறம் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது, எல்லாருக்கும் ஓட்டத்தான் நேரம் இருக்கும்.

அதில் விட்டுப்போகக் கூடாதவற்றைச் சொல்கிறேன். யார் எவ்வளவு போட்டார், எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கிலிருந்து. ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் மற்றவர்களின் சார்பாகவும் வண்டியை வைத்திருக்கிறார் என்ற வாசகம். எல்லாருடைய எழுத்துபூர்வச் சம்மதமும் இல்லாமல் அவர் வண்டியை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்ற வாசகம். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பணம் அவர் கணக்குக்குத்தான் வரும் என்பதால், அதைப் பொதுக்கணக்குக்கு மாற்ற அவர் கடமைப்பட்டவர் என்பது. சலான் வந்தால் அந்த நேரத்தில் ஓட்டியவர் கட்டுவது. ஓட்டியவரின் தவறால் சேதமானால், இன்ஷூரன்ஸ் தராத மிச்சத் தொகை யாருடையது என்பது; எங்களுடையதில் முழுதும் ஓட்டியவர் தலையில்தான். விலகுகிறவரின் பங்குக்கு எப்படி விலை போடுவது என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

ஒரு பொறியை யாரும் சொல்லித் தருவதில்லை. "யார் எடுக்கிறார்களோ அவர்கள் ஒரு நாளுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி, வாடகைக்கு விடும் வண்டிக்குச் செல்லாது. நாள் கணக்கில் பணம் கைமாறுவது எழுத்தில் இருந்தால், கிளெய்ம் நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. எத்தனை நாள் ஓட்டினாலும் சரி, மாதப் பங்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மட்டும் அவரவர் செலவு.

5. பணம் வங்கி வழியாகவே போகட்டும்

ஆளுக்கு 10 லட்சம் என்று வைத்தால் மூன்று பேரிடமிருந்து 30 லட்சம் ஒருவர் கணக்கில் வந்து விழும். சொந்தக்காரர் அல்லாதவரிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் வருமானமாகக் கருதப்படும் என்பது வருமான வரி விதி. நண்பர் சட்டப்படி சொந்தக்காரர் அல்ல. இது அன்பளிப்பு இல்லை, சேர்ந்து வாங்கும் வண்டிக்கான பங்கு என்பதைக் காட்ட ஒப்பந்தமும் வங்கிப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பணம் அனுப்பும்போது குறிப்பில் அதையே எழுதுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது.

விற்பவர் "கொஞ்சம் கேஷா கொடுத்துடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே விதிதான்.

6. வண்டியைப் பார்க்கும் முறை

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காலையில், வெளிச்சத்தில், இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது பார்க்க வேண்டும். போய்ச் சேரும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இரண்டு முறை நகரமே மூழ்கியது. தண்ணீரில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் சில இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும், இனி வராது என்னும் வரை வெளியே இழுங்கள். மேல் பாதி பளிச்சென்றும், எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழம் மட்டும் பழுப்பாகவும், நடுவே ஒரு கோடும் தெரிந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் லெதர் சீட்டெல்லாம் புதுசு, டேஷ்போர்டு மின்னியது, உள்ளே விலையுயர்ந்த சென்ட் வாசனை. பெல்ட்டை இழுத்ததும் காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. விற்க வந்தவர் போன் வந்ததாகச் சொல்லி வெளியே போய்விட்டார். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, டிக்கி விரிப்புக்குக் கீழே மண், ஹெட்லைட்டுக்குள் பனிபோல் ஈரம் எல்லாவற்றையும் பாருங்கள்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1822 என்றால் 2022ன் 18வது வாரம். குறைவாக ஓடிய வண்டிகளில் பட்டன், அதாவது டயரின் மேல் வரிகள், அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து கல்லாகியிருக்கும். நாலு டயரும் மாற்ற ஒரு லட்சத்தைத் தாண்டும். அதை விலையில் பேசிக் குறையுங்கள்.

மீதியை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கோ, அந்த வகை வண்டிகளைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடமோ கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பார்கள், டிங்கரிங் வேலை நடந்த இடம் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டு, கியர்பாக்ஸில் பதிவான பிழைகளையும் எடுக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் சில ஆயிரங்களுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். சோதனைக்கு அனுப்ப விற்பவர் தயங்கினால் அந்த வண்டியை மறந்துவிடலாம்.

சைலன்ஸரை மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கம்பெனி வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றிப் பதிவில் இருப்பதற்கு மாறாக ஓட்டக் கூடாது. ஒரிஜினல் பாகத்தை எடுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அதன் விலையைக் கழியுங்கள்.

7. பேப்பர் சரிபார்ப்பு, வெளி மாநில வண்டி

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு, இன்ஷூரன்ஸ், கடன் விவரம் வரும். நிலுவைச் சலான்களைத் தனியாகப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகச் சலான்கள் சரம் சரமாக இருக்கும். அவற்றைக் கட்டித் தீர்க்காமல் பெயர் மாற்றம் நகராது. விற்பவரே கட்டட்டும், ரசீதைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம்.

கடனில் எடுத்த வண்டி என்றால், வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35ல் வங்கியின் கையெழுத்தும் வேண்டும். வங்கி என்.ஓ.சி. பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும். "லோன் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு சார்" என்பார்கள், ஆர்.சி.யில் வங்கிப் பெயர் அப்படியே இருக்கும். புது என்.ஓ.சி. வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வெளி மாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். குறிப்பாகப் புதுச்சேரிப் பதிவு. அங்கே வரி குறைவு என்பதால் விலை உயர்ந்த வண்டிகள் பல அந்த நம்பரில் இங்கே ஓடுகின்றன. ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பழைய ஆர்டிஓவிலிருந்து படிவம் 28ல் என்.ஓ.சி. எடுப்பது, இங்கே வரி கட்டுவது, புது நம்பர் வாங்குவது என்று ஒரு சுற்று. விற்பவர் சொல்லும் விலையோடு இந்த வரியைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் உள்ளூர் வண்டியே மலிவாக இருக்கும். புரோக்கர் "அப்படியே ஓட்டுங்க சார், யார் கேக்கப் போறா" என்பார். கேட்கும்போது அவர் இருக்க மாட்டார்.

8. பெயர் மாற்றம்

விண்ணப்பத்தை அரசின் பரிவாகன் இணையதளத்தில் தொடங்க வேண்டும். கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒரிஜினல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இரு தரப்பின் முகவரிச் சான்றும் பான் கார்டு நகலும், போட்டோ, சேஸிஸ் நம்பரின் (வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்) மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த எண் கண்ணாடி ஓரத்திலோ கார்பெட்டுக்கு அடியிலோ இருக்கும். சோதனைக்கு லிஃப்டில் ஏற்றும் அன்றைக்கே இடத்தைக் கேட்டு, பிரிண்ட்டும் எடுத்துவிடுங்கள்.

மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். அரசுக் கட்டணம் சாதாரணக் காருக்குச் சில நூறு ரூபாய்தான். முழுதாக இறக்குமதியான வண்டிக்குப் பதிவுக் கட்டணம் 5,000, பெயர் மாற்றத்துக்கு அதில் பாதி. வாசலில் கேட்கும் "மொத்தமா முடிச்சுத் தர்றோம்" தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்ததிலிருந்து புது ஆர்.சி. கைக்கு வர ஒன்றரை மாதம், வெளி மாநில வண்டிக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் டென்ஷன் இல்லை.

பழைய ஓனரின் ஃபாஸ்டேகை அவரையே மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் மகாபலிபுரம் போகும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும். முதல் மாதம் சிரித்துக்கொண்டு கேட்பார்.

9. இன்ஷூரன்ஸ்: இதில் அவசரம் வேண்டாம்

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு, அதாவது வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கானது, வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறினால்தான். ஆர்.சி. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் பழைய ஓனருக்குக் கிடைத்த கிளெய்ம் இல்லாச் சலுகை அவரோடு போய்விடும். அவருக்கு 50 சதவீதம் சலுகை இருந்திருந்தால், மிச்சக் காலத்துக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். ஆர்.சி.யில் வரப்போகிறவர் தன் பழைய காரை அண்மையில் விற்றிருந்தால், அவருடைய சலுகையை இந்த வண்டிக்குக் கொண்டுவரலாம். யார் பெயரில் எடுப்பது என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள், நல்ல தொகை மிச்சமாகும்.

லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்கும். ஆனால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்பது ஓனருக்கு மட்டும். மற்ற மூவரும் தங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கான கூடுதல் பாதுகாப்பையும் பாலிசியில் கேட்டுச் சேருங்கள். இதை ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சென்னைக்கு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் கட்டாயம் என்றே சொல்வேன். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது என்பதை எல்லார் வீட்டிலும் சொல்லிவையுங்கள். மழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துவதைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் வண்டி பேஸ்மென்ட் இல்லாத, மேட்டுப் பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டில்தான் நிற்கிறது.

10. மாதாமாதம் பொதுக்கணக்கு

வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியே போடுங்கள். 40 லட்சம் வண்டி என்றால் 4 லட்சம், ஆளுக்கு ஒரு லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பிரேக் பேட் எல்லாம் இதிலிருந்துதான். செலவாகாவிட்டால் அடுத்த வருடத்துக்கு நிற்கும். ஒரே ஒருவர் பில் கட்டிக் கணக்கு எழுதட்டும். ஆர்.சி.யில் இருப்பவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு என்று இருந்தால் இன்னும் நல்லது.

வாரக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு முதல் எதிரி பேட்டரி. நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

11. சாவி கைமாறும்போது

ஒரு பகிர்ந்த காலண்டர், ஒரு பதிவு நோட்டு. நோட்டில் எடுத்த தேதி, நேரம், கிலோமீட்டர், ஓட்டுபவர் பெயர். போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர் என்று சொன்னேனே, அவருக்கு இந்த நோட்டுதான் ஆதாரம். எடுக்கும்போதும் விடும்போதும் நாலு சக்கரத்தின் அலாய் ரிம், முன் பம்பரின் அடிப்பக்கம், இரண்டையும் போனில் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று யாரும் நினைக்காத அளவுக்கு அது பழக்கமாகிவிட வேண்டும்.

பொங்கல், தீபாவளி, நீண்ட விடுமுறை நாட்களைச் சுழற்சி முறையில் பிரித்துவிடுங்கள். மலைக்குப் போவதென்றால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இந்த மாதிரி வண்டிக்கு நல்ல அளவு. கொல்லிமலையின் 70 வளைவுகளும் கேட்க ஆசையாக இருக்கும், தாழ்ந்த வண்டிக்குச் சரிப்படாது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஈசிஆரில் நண்பர்களோடு போட்டி போடும் எண்ணம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இருக்கும் பெயர் வேறொருவருடையது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

12. வேகம் வேண்டுமா, டிராக்குக்குப் போங்கள்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும் நாட்கள் அவ்வப்போது வரும். நாலு பேரும் ஒன்றாகப் போவதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. நுழைவுக் கட்டணத்தைப் பிரித்துக்கொள்ளலாம், ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் டயர் பிரஷர் பார்க்கலாம். அன்றைக்குத்தான் இது நாலு பேருடைய வண்டி என்ற நினைப்பே முழுசாக வருகிறது.

ஆனால் உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள்: ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்கெல்லாம் செல்லாது என்று இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் ஒரு ரூபாய்கூட வராது. போவதற்கு முன், அன்றைய சேதத்தை யார் ஏற்பது என்று எழுத்தில் முடிவெடுங்கள். பங்குதாரரில் ஒருவர் சம்மதிக்காவிட்டால் வண்டி டிராக்குக்குப் போகக் கூடாது.

பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள், ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டையும் ஷூவும் அவசியம். சென்னை வெயிலில் நாலைந்து சுற்று வேகமாகப் போனாலே பிரேக் பெடல் மெத்தென்று இறங்கத் தொடங்கும். அது எச்சரிக்கை. ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் இறுகப் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

13. ஒருவர் விலகும்போது

மூன்று வருடத்துக்குள் ஒருவராவது விலகுவார். கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன், வெளிநாடு, ஏதோ ஒன்று. அதனால் இதை ஒப்பந்தத்திலேயே இப்படி எழுதுங்கள். விலக நினைப்பவர் 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி விற்கும் இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை வாங்கி, இரண்டின் சராசரியை அன்றைய மதிப்பாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் விளம்பரத்துக்குப் போட்டிருக்கும் விலையை எடுக்காதீர்கள், அது கேட்கும் விலை, கிடைக்கும் விலை அல்ல. அந்தப் பங்கை வாங்கும் முதல் உரிமை மற்ற பங்குதாரர்களுக்கு. வேண்டாம் என்றால், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் புதியவருக்கு. அதுவும் அமையவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் வண்டியை விற்றுப் பிரித்துக்கொள்வது.

விலகுகிறவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவராக இருந்தால் எட்டாம், ஒன்பதாம் படிகளை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும், பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் இரண்டையும். ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், அதனால் விற்பனை விலையும் கொஞ்சம் இறங்கும். அந்த நஷ்டத்தையும் பெயர் மாற்றச் செலவையும் விலகுகிறவரின் பங்கிலிருந்து கழிப்பதா, எல்லாரும் சுமப்பதா என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். நாங்கள் எல்லாரும் சுமப்பது என்று வைத்தோம். பெயரைக் கொடுத்து இத்தனை நாள் சலானையும் தலைவலியையும் வாங்கிக்கொண்டவர் அவர், போகும்போது அவரிடமே பிடித்தம் செய்வது நியாயமாகப் படவில்லை.